கதவோரம் நின்ற ரிட்சுகோ அக்கா

செவ்வாய், வியாழன், சனி என்றால் எனக்குப் படுக்கையை விட்டு எழும்போதே முழங்கால் வலிக்கும். மற்ற நாட்களில் அதே முழங்கால் பத்து மணிக்கு மேல்தான் வலிக்க ஆரம்பிக்கும். அந்த மூன்று நாளும் விருந்தாளிகள் வருகிற நாட்கள். என் உடம்புக்குக் கிழமை தெரிகிறது என்று தங்கையிடம் சொன்னேன். டாக்டரைப் போய்ப் பார் என்றாள். நான் பார்க்க வேண்டியது டாக்டரை அல்ல, முதலாளியை.

ஜப்பானில் எங்கள் சகாய் ஊரில் ஒரு கத்தியை ஒரே ஆள் செய்து முடிப்பது கிடையாது. ஒரு வீட்டில் அடிப்பார்கள், இன்னொரு வீட்டில் சாணை பிடிப்பார்கள், மூன்றாவது வீட்டில் பிடி போடுவார்கள். இங்கிருந்து எடுத்து அங்கே கொடுப்பது என் போன்றவர்களின் வேலை. மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்றில் முப்பத்துநான்கு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். ஒரு சைக்கிள், பின்னால் ஒரு மரப்பெட்டி, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் கோட்டு, அவ்வளவுதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் பழைய முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைப் பட்டறை பட்டறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது. வழி தெரிந்த ஆள் யார் என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் என்னைக் கைகாட்டிவிட்டார்கள்.

ஊர் பார்க்க வருகிறவர்கள் கடலைப் பார்க்கட்டும், கோயிலைப் பார்க்கட்டும். கரிப்புகை குடிக்க ஏன் வருகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் வருகிறார்கள், முன்கூட்டியே இடம்பிடித்து வருகிறார்கள். கையெல்லாம் பச்சை குத்திய சமையல்காரர்கள், தேனிலவு வந்த ஜோடிகள், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டே வரும் பிள்ளைகள். நான் கையடக்க மொழிபெயர்ப்புக் கருவியில் பேசுவேன், அது அவர்கள் பாஷையில் பேசும். சில சமயம் நான் சொல்லாததையும் பேசும்.

முதலில் போவது கொல்லர் தனிமோட்டோவின் பட்டறை. தனிமோட்டோ அண்ணனுக்கு அறுபத்தொன்பது வயது. மனைவி ரிட்சுகோ அக்காவுக்கு அறுபத்தைந்து. விருந்தாளிகளுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான்: இவர்தான் தலைமைக் கொல்லர், அது அவர் மனைவி, முடிந்ததும் தேநீர் தருவார். ஐந்து வருஷமாக இதையேதான் சொன்னேன். இப்போது நினைத்தால் வாயில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ரிட்சுகோ அக்கா கல்யாணத்துக்கு முன்னால் துண்டு நெய்கிற மில்லில் தறி முன்னால் ஏழு வருஷம் நின்றவள். நின்று நின்று இருபத்தைந்து வயதிலேயே காலில் நரம்பு புடைத்துவிட்டதாம். பெண் பார்க்க வந்த தரகர், கொல்லன் வீட்டில் ஆண்கள்தான் நிற்பார்கள், பெண்கள் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே தலையை ஆட்டினேன் என்று அக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறாள். வந்த மறுநாளே கையில் கரி வெட்டும் கத்தியைக் கொடுத்தார்கள். பைன் மரக்கரியைக் கொட்டைப் பாக்கு அளவுக்குச் சீராக வெட்ட வேண்டும். வெட்டி முடித்தால் களிமண் கரைக்க வேண்டும், அதைக் கத்திகள்மேல் பூசிக் காய வைக்க வேண்டும். பூசியது காய்ந்தால் கதவு.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கத்திக்குத் தண்ணீர் காட்டுகிற நாளில், அதாவது பழுக்கக் காய்ச்சிய கத்தியைத் தண்ணீரில் முக்குகிற நாளில், பட்டறையை இருட்டாக்கிவிடுவார்கள். ஜன்னலுக்குப் பலகை, பலகைமேல் கம்பளி. வெளிச்சம் இருந்தால் நெருப்பிலிருக்கும் உருக்கின் நிறம் ஏமாற்றும். நிறம் ஒரு துளி முந்தினால் கத்தி மெத்தென்று போகும், ஒரு துளி பிந்தினால் கண்ணாடி மாதிரி உடையும். தனிமோட்டோவின் தள்ளுகதவு முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்த பெரிய நிலநடுக்கத்தில் கோணிப்போனது. பிடிக்காவிட்டால் தானாக இரண்டு விரற்கடை திறந்துகொள்ளும். ஆகவே தண்ணீர் காட்டுகிற நேரம் முழுவதும் யாராவது அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். யார் நிற்பார்கள்? அக்காதான். மரக்கட்டைச் செருப்பு போட்டுக்கொண்டு, முதுகைக் கதவில் சாய்த்து, ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம். கதவைச் சரிசெய்ய ஆள் கூப்பிடலாமே என்று நான் கேட்டதற்கு, ஆள் வந்தால் கதவோடு நிறுத்துவானா, கூரையையும் சரிசெய்யச் சொல்வான் என்றார் அண்ணன்.

நிற்கும்போது அக்கா அவ்வப்போது செருப்பால் தரையில் ஒரு தட்டு தட்டுவாள். டக் என்று ஒரே ஒரு சத்தம். அடுத்த நொடி தண்ணீர் சீறும். காலில் குளிர், அதனால் தட்டுகிறார் என்று விருந்தாளிகளிடம் சொல்லியிருக்கிறேன். கொளுத்துகிற ஜூலையிலும் அதையேதான் சொன்னேன். யாரும் கேள்வி கேட்கவில்லை.

போன வருஷம் குளிர்காலத்தில் அண்ணன் கையில் சூடான இடுக்கியோடு ஒரு விருந்தாளியின் பையில் தடுக்கிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பையில் மட்டும் ஓட்டை. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து முற்றிப்போயிருந்தது, ஆறு வருஷமாக மறைத்து வைத்திருந்தார். ஆபரேஷன் என்றதும் சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடித்தார். இந்தக் கண்ணால்தான் நெருப்பைப் பார்க்கிறேன், இதில் எவனோ ஒருத்தன் கத்தி வைக்க விடமாட்டேன் என்றார். கத்தி செய்கிறவர் கத்திக்குப் பயந்தால் எப்படி என்று கேலி செய்து, மிரட்டி, கெஞ்சி, மார்ச் மாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான். அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவள் நான்தான்.

கட்டு அவிழ்த்த மறுநாள் என்னைப் பார்த்ததும் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை: "கினுயே, உனக்கு இவ்ளோ சுருக்கமா? யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே."

பிறகு அவர் செய்த காரியம்தான் எங்களை எல்லாம் ஆச்சரியப்படுத்தியது. தானே உளியை எடுத்துக் கதவில் ஒரு கொக்கி போட்டார். முப்பது வருஷம் போடாத கொக்கி. டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பிரம்பு நாற்காலி வாங்கி வந்து பட்டறை மூலையில் போட்டார். இனி நீ நிற்க வேண்டாம், எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, உட்கார் என்றார். அக்கா அந்த நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்தாள். மரக்கட்டைச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் துணிச் செருப்புக்கு மாறினாள். நான் போகும்போதெல்லாம் உட்கார்ந்துகொண்டே கை காட்டுவாள். "நாப்பது வருஷம் கழிச்சு தரகர் சொன்னது பலிச்சுது" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது, என் முழங்காலைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்திருந்தேன்.

சந்தோஷம் ஜூன் வரைக்கும்தான். மழைக்காலம் தொடங்கிய வாரம் ஒரு புதன்கிழமை சாணைக்காரர் ஹோசோமியின் வீட்டுக்குப் போனேன். ஹோசோமி என்னைவிட மூன்று வயது சின்னவர், வாய் மட்டும் எங்கள் எல்லோரையும்விட மூத்தது. அவரும் தனிமோட்டோவும் மூன்று தெரு தள்ளி வசிப்பவர்கள். எதிரில் பார்த்தால் மழை, வெயில், காய்கறி எல்லாம் பேசுவார்கள். வேலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை நேருக்கு நேர் பேசமாட்டார்கள். அது இங்கே வழக்கமில்லை. குறை இருந்தால் கத்தியைத் திருப்பி அனுப்புவார்கள், எடுத்துப் போகிறவர் கொண்டுபோய்க் கொல்லர் முன்னால் வைப்பார். வைத்தால் போதும், எதுவும் சொல்ல வேண்டாம்.

அன்று ஹோசோமி சக்கரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தனிமோட்டோ அடித்த இருபத்துநான்கு கத்திகள் இருந்தன. அதில் ஒன்றை எடுத்து அரத்தால் ஓரத்தில் உரசிக் காட்டினார். இறுகிய உருக்கென்றால் அரம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆனால் பிடித்துக்கொண்டது.

"பாத்தியாக்கா. கல்லுல வெச்சா ஓரத்துல முள்ளு மாதிரி பிசிறு எழும்புது, விழமாட்டேங்குது, தொங்குது. போன மாசம் வந்ததுலயும் ஏழெட்டு இப்படித்தான். எதுக்கு வம்புன்னு நானே ஓரமா எடுத்து வெச்சிட்டேன். இப்ப இருபத்துநாலும் இப்படி வந்தா நான் என்ன பண்ணட்டும்?"

ஒருவேளை கரி சரியில்லையோ என்று கேட்டுப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே அது வெறும் சாக்கு என்று எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. ஒரு கத்தியை மட்டும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். சனிக்கிழமை தண்ணீர் காட்டுகிறார்கள் அல்லவா, அந்தக் கத்திகளை அன்றைக்கே கொண்டுவா, அதுவும் இப்படியே இருந்தால் நான் ஆபீசுக்குப் போன் செய்துவிடுவேன் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. சாணை பிடித்த கத்தி சமையல்கட்டில் மழுங்கினால் ஊர் அவரைத்தான் பேசும்.

ஆபீசுக்குப் போன் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். முதலாளி ஏற்கனவே மின்சார உலையின் படம் ஒன்றை மேஜையில் வைத்திருந்தார். சூட்டை எண்ணில் காட்டுமாம், நிறம் பார்க்க ஆளே தேவையில்லையாம். தனிமோட்டோ விருந்தாளிகள் முன்னால் சும்மா சுத்தியலால் தட்டிக் காட்டினால் போதும், தண்ணீர் காட்டுவதைக் கம்பெனியிலேயே செய்துகொள்ளலாம் என்று இரண்டு தடவை என்னிடம் சொல்லிவிட்டார். ஐம்பது வருஷம் நெருப்பைப் பார்த்த மனிதரைப் பொம்மையாக நிறுத்தி வைப்பதற்குச் சமம் அது.  ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் ஆபரேஷனுக்கு இழுத்துப்போனது நான் அல்லவா?

வியாழக்கிழமை விருந்தாளிகளோடு போனபோது கத்தி பெட்டியிலேயே இருந்தது, எடுக்க மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை அந்தத் தெருவுக்கே போகவில்லை. சனிக்கிழமை விருந்தாளிகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், மழையில் நனைந்துகொண்டு போய், பொட்டலத்தை அண்ணன் முன்னால் வைத்தேன்.

அவர் செய்தித்தாளைப் பிரித்தார், கத்தியின் நுனியைப் பட்டறைப் பலகையில் இருந்த இறுக்குப்பிடியில் மாட்டி இறுக்கினார், சுத்தியலால் பக்கவாட்டில் ஒரு போடு போட்டார். நல்ல கத்தியென்றால் அரிசி அப்பளம் மாதிரி நுனி ஒடிந்துவிடும், உள்ளே சாம்பல் நிறத்தில் மணல் போல நெருக்கமாக மணி தெரியும். இது ஒடியவில்லை, வளைந்தது. இன்னொரு போடு போட்டார், இன்னும் வளைந்தது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து களிமண் பூசிய கத்திகளைத் திருப்பித் திருப்பிக் காய வைத்துக்கொண்டிருந்தாள். வளைந்ததைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள்.

"எத்தனை?" என்று அண்ணன் கேட்டார்.

"இருபத்துநாலும்ணே. இன்னிக்குப் போடறதும் இப்படி இருந்தா ஆபீசுக்குச் சொல்லிடுவேன்னாரு."

அவர் சுத்தியலை அதன் இடத்தில் மாட்டினார், இறுக்குப்பிடியிலிருந்து கத்தியைக் கழற்றினார், வளைந்ததைக் கையால் நிமிர்த்தப் பார்த்தார். கொல்லர் தான் செய்த கத்தியை வெறுங்கையால் நிமிர்த்துவதைப் பார்க்கிற அளவுக்கு நான் என்ன பாவம் செய்தேனோ தெரியவில்லை.

"புதுக் கண்ணுக்கு எல்லாமே வெளேர்னு தெரியுது. அரை நெருப்பே முழு நெருப்பு மாதிரி இருக்கு. முன்னாடியே எடுத்துடறேன்."

சரி, இன்னும் கொஞ்சம் பொறுத்து எடுத்தால் ஆயிற்று என்றேன், ஏதோ சாதம் வடிக்கிற விஷயம் மாதிரி. எவ்வளவு பொறுப்பது என்பதுதானே வேலையே என்றார். பழைய கண்ணுக்குத் தெரிந்த நிறம் இந்தக் கண்ணுக்குக் கிடையாது, புதிதாகப் பழக ஒரு வருஷம் ஆகும், ஒரு வருஷம் யார் கொடுப்பார்கள் என்று கேட்டார். 

அப்போதுதான் நான் கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன். புரை முற்றி எதிரில் நிற்கிற ஆளே தெரியாமல் இருந்த வருஷங்களில் ஒரு கத்திகூடத் திரும்பி வரவில்லையே, அது எப்படி?

 அக்காதான் சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு, ஏதோ திருடிய மாதிரி.

"நான் தட்டுவேன்ல."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கதவில் சாய்ந்து நின்று நின்று முப்பது வருஷம் அதே இருட்டில் அதே நெருப்பை அவளும் பார்த்திருக்கிறாள். பார்க்க வேறு என்ன இருக்கிறது அங்கே? எந்த நிறத்தில் அவர் எடுக்கிறார், எந்த நிறத்தில் எடுத்தது சாணைக்காரரிடமிருந்து திரும்பி வருகிறது என்று ஒவ்வொன்றாக அவள் கண்ணில் தங்கிவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவர் தாமதிப்பதைப் பார்த்துப் பதறிக் காலைத் தட்டியிருக்கிறாள். அவர் உடனே எடுத்துத் தண்ணீரில் விட்டிருக்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு கத்திக்கும் ஒரு தட்டு. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

"தெரியாமயா ஒவ்வொரு தடவையும் எடுத்தேன்?" என்றார் அவர். பிறகு கொக்கியைப் பார்த்தபடி சொன்னார்: "தெரியும்னு சொன்னா நீ கூச்சப்பட்டு நிறுத்திடுவியோன்னு இருந்தேன். அப்புறம் கண்ணு வந்துச்சு. இனிமே உனக்கு எதுக்கு அந்தப் பாடுன்னு தோணிச்சு."

  எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாமல். ஐந்து வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், அந்த அம்மாவைக் காட்டி இவர் தேநீர் தருவார் என்று சொன்ன வாய் இது.

அதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். ஆறு பேர், நனைந்த குடைகள், பெரிய பைகள். ஒரு சமையல்காரர் டென்மார்க்கிலிருந்து வந்திருந்தார், தன் கத்தியையே கூடக் கொண்டுவந்திருந்தார். வழக்கமாகச் சொல்வதை நான் சொன்னேன், கருவியும் சொன்னது. ஃபோன் வெளிச்சத்தை அணைக்கச் சொன்னேன். ஜன்னலில் கம்பளி விழுந்தது. அண்ணன் உலை முன்னால் உட்கார்ந்தார். பன்னிரண்டு கத்திகள் காத்திருந்தன, தன் வீட்டில் ஹோசோமியும் காத்திருந்தார்.

முதல் கத்தி நெருப்புக்குள் போனது. கரி பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் இழுத்துப் பார்த்தார், மறுபடி உள்ளே விட்டார், மறுபடி இழுத்தார். எனக்கு எல்லாம் ஒரே சிவப்பாகத்தான் தெரிந்தது. தண்ணீர் காட்டுகிற நேரத்தில் வாய் திறக்காத மனிதர் அவர், யாராவது இருமினால்கூடத் திட்டுவார். அன்று திரும்பாமலே கூப்பிட்டார்.

"ரிட்சு."

பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது. அக்கா எழுந்தாள். எழும்போது அவள் முழங்கால் மளுக்கென்று சொடுக்கியது, அந்த இருட்டில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். துணிச் செருப்பைக் கழற்றி, சுவரோரம் தடவி மரக்கட்டைச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, கதவோரம் போய் அதே இடத்தில் சாய்ந்து நின்றாள். கதவைக் கொக்கிதான் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் நெருப்பை மட்டும் பார்த்தாள்.

டக்.

தண்ணீர் சீறியது.

பன்னிரண்டு தட்டு. இடையில் அந்த டென்மார்க்காரர் என் காதருகே மெல்லக் கேட்டார், சரியான நிறம் என்று அவருக்கு எப்படித் தெரிகிறது என்று. எல்லோரும் கேட்பதுதான். அக்டோபர் கடைசியில் பழுத்த பெர்சிமன் பழத்தின் செம்மஞ்சள் நிறம் என்பது அண்ணனின் பதில், ஐந்து வருஷமாக நான் ஒப்பிக்கும் பதில். அன்று என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. கருவியை வாயருகே வைத்து, அவர் பார்ப்பதில்லை, அந்த அம்மா பார்க்கிறார் என்றேன். கருவி அதை என்னவாகச் சொன்னதோ, ஆறு பேரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

வெளிச்சம் போட்டதும் ஃபோன்களை எடுத்துக்கொண்டு அக்காவைச் சுற்றி நின்றார்கள். படம் வேண்டாம், தலைகூடச் சீவவில்லை என்று கையை ஆட்டினாள். பிறகு தேநீர் ஊற்றப் போனாள். அவள் ஊற்றுவதை மட்டும் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை, தாங்களே ஊற்றிக்கொண்டார்கள்.

மதியம் பன்னிரண்டையும் ஹோசோமியிடம் கொண்டுபோனேன். அரத்தை எடுத்தார், முதல் கத்தியில் உரசினார், வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது, மூன்றாவது, அதற்கு மேல் பார்க்கவில்லை. சக்கரத்தைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார். மழையில் நனையாமல் போ என்று மட்டும் சொன்னார். அவர் போன் செய்யவில்லை. முதலாளிக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை புது ஆட்கள் ஆறு பேரோடு போனேன். அக்கா கதவோரம் காலில் மரக்கட்டைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள், வேலை இன்னும் தொடங்கவே இல்லை. ஒரு வருஷத்தில் அவர் கண் பழகிவிடும், அப்புறம் நீ உட்காரலாம் என்றேன். எனக்கே நம்பிக்கையில்லாமல்தான் சொன்னேன்.

"அவர் கண்ணு சரியானா உக்காரலாம்னு இருந்தேன் கினுயே" என்றாள். "சரியாத்தான் ஆச்சு."

விருந்தாளிகள் பைகளை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். அண்ணன் மறுபடி தடுக்கக் கூடாதல்லவா. அக்காதான் கை நீட்டி இடம் காட்டினாள். ஆறு பேரும் பைகளைக் கொண்டுபோய் அந்தப் பிரம்பு நாற்காலியில் அடுக்கினார்கள்.